தண்ணீரை நிறுத்திய பிறகுதான் தெரிந்தது: சூரியகாந்தி நாற்றில் வேரழுகல் சோதனை

போன ஆடியில் எங்கள் சூரியகாந்தி வயலில் வட்டம் வட்டமாகச் செடிகள் சாய்ந்தன. தென்காசிக்குப் பக்கம் சுந்தரபாண்டியபுரம், சுரண்டை வட்டாரத்தில் ஆடி மாதம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் பூத்து நிற்கும் வயலில் படம் எடுக்கக் கேரளத்திலிருந்து வேன் வேனாக வருவார்கள். இன்னொரு பக்கம் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று ஆளையே தள்ளும். அதனால் அண்ணன் யோசிக்கவே இல்லை. "ஏல, காத்துல சாஞ்சிருக்கு. இதுல என்ன ஆராய்ச்சி வேண்டிக் கெடக்கு?" என்றான்.

எனக்கு ஒன்று உறுத்தியது. காற்றில் சாய்ந்தால் எல்லாம் ஒரே திசையில் சாய வேண்டும், வேரோடு மண்ணைப் பெயர்த்துக்கொண்டு. இவை அப்படி இல்லை. தரையை ஒட்டி முறிந்து கிடந்தன, அதுவும் நாலாபக்கமும். ஒன்றைப் பிடித்து இழுத்தேன். கருவேப்பிலைக் கொத்து மாதிரி லேசாகக் கையோடு வந்துவிட்டது. பக்கவேரே இல்லை. தண்டின் அடிப்பகுதி சாம்பல் பூசினதுபோல வெளிறி இருந்தது. கத்தியால் நெடுக்காகப் பிளந்தால், உள்ளே வெண்மையாக, தெர்மாகோல் மாதிரி நிறைந்திருக்க வேண்டிய சோறு, அதாவது தண்டின் நடுச்சதை, சுருங்கி, தட்டுத் தட்டாகப் பிரிந்து நின்றது. அதன் மேலும் பட்டையின் உள்பக்கமும் மிளகுத்தூள் தூவினாற்போலக் கறுப்புப் பொடி. விரலால் தேய்த்தால் போகவில்லை. தூசி இல்லை அது. நாருக்குள்ளேயே பதிந்திருந்தது.

இந்தக் கறுப்புப் பொடிதான் அடையாளம். மேக்ரோபோமினா ஃபேசியோலினா என்ற பூஞ்சையின் நுண் உறக்கவித்துகள் அவை. வயதான வேளாண் அலுவலர்கள் இன்னும் ரைசோக்டோனியா பட்டாட்டிகோலா என்ற பழைய பெயரைச் சொல்வார்கள். இரண்டும் ஒன்றுதான். தமிழில் வேரழுகல் என்கிறோம், கரி அழுகல் என்றும் சொல்வதுண்டு. ஐநூறுக்கும் மேற்பட்ட செடி வகைகளில் புகும். உளுந்து, பாசிப்பயறு, எள், நிலக்கடலை, பருத்தி, மக்காச்சோளம் என்று நாங்கள் மாற்றிப் போடும் பயிர் எல்லாமே அதற்குச் சாப்பாடுதான். பயிரை மாற்றிப் போட்டுத் தப்பிப்பது ஆகாத காரியம். சரி, ரகத்தையாவது மாற்றிப் பார்க்கலாமே, எந்த விதை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் என்று இளஞ்செடியிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா என்று தோன்றியது. இந்தப் பதிவு அந்த எட்டு மாதக் கதை.

நான் ஆய்வாளன் இல்லை. ஆறு வருடமாகச் சிப்பிக் காளான் குடில் வைத்திருக்கிறேன். தாய் வித்து வளர்க்கவும், சோளத்தில் காளான் விதை தயாரிக்கவும் கை பழகியிருக்கிறது. பூஞ்சை வளர்க்கத் தெரிந்தவனுக்கு நோய்ப் பூஞ்சை வளர்ப்பது புது வேலை இல்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை முதலிலேயே: இரண்டையும் ஒரே அறையில் வைக்கக் கூடாது. நான் பழைய மாட்டுக்கொட்டகையைக் கழுவி இதற்கென்று ஒதுக்கினேன். குக்கர், ஊசி, பெட்டி எல்லாம் தனி. பூஞ்சையும் எங்கள் வயலில் ஏற்கனவே இருப்பதுதான், வெளியூர்ச் சரக்கு எதையும் கொண்டுவரவில்லை.

முதலில் பூஞ்சையைப் பிரிக்க வேண்டும். பூஞ்சை வளர்க்கும் ஊடகம் வழக்கமான பி.டி.ஏ. என்னும் உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகர்தான்: 200 கிராம் உருளைக்கிழங்கை வேகவைத்து வடித்த சாறு, 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், 20 கிராம் அகர், மொத்தம் 1 லிட்டர். குக்கரில் 15 பவுண்டு அழுத்தத்தில் 20 நிமிடம். தண்டை எங்கே வெட்டுகிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. முழுக்க அழுகிய இடத்தில் வெட்டினால் அழுகினதைத் தின்ன வந்த கண்ட பூஞ்சையும் கிடைக்கும். அழுகலும் நல்ல பகுதியும் சேரும் ஓரத்தில், 5 மில்லிமீட்டர் துண்டாக எடுக்க வேண்டும். 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம், பிறகு கிருமி நீக்கிய தண்ணீரில் மூன்று முறை அலசி, வடிதாளில் ஒற்றி, ஊடகம் ஊற்றிய தட்டில் வைத்தேன்.

பன்னிரண்டு துண்டு வைத்ததில் மூன்று விதமாக வளர்ந்தது. இரண்டில் வெள்ளைப் பஞ்சு, அடியில் இளஞ்சிவப்பு. ஃபியூசேரியம் மாதிரி இருந்தது. ஒன்றில் விசிறி விரித்தாற்போல வெள்ளை இழை, பத்து நாளில் அதன்மேல் கடுகு கடுகாக உருண்டைகள். அது ஸ்க்லெரோஷியம் ரோல்ஃப்சி, நிலக்கடலைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த தண்டழுகல் ஆள். மீதி ஒன்பதும் சாம்பல் நிறத்தில் தொடங்கி மூன்றே நாளில் தட்டை நிரப்பி, ஏழாம் நாள் அடியிலிருந்து பார்த்தால் தார் ஊற்றினதுபோல் கறுத்துவிட்டன. அவற்றில் சுத்தமாக இருந்த ஒன்றின் ஓர இழையை எடுத்துப் புதுத் தட்டுக்கு மாற்றி, அதையே எல்லாச் சோதனைக்கும் பயன்படுத்தினேன்.

பூஞ்சையைப் பெருக்கக் காளான் விதை போடும் அதே முறை. சோளத்தை ஊறவைத்து, தோல் வெடிக்காமல் முக்கால் வேக்காடு வேகவைத்து, ஈரம் போக உலர்த்தி, ஒட்டாமலிருக்கக் கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் கலந்து, பாலிபுரோப்பிலீன் பையில் அடைத்துப் பஞ்சு வைத்து குக்கரில் ஏற்றினேன். ஆறினதும் பூஞ்சைத் துண்டு. சிப்பிக் காளான் சோளத்தை வெள்ளை வெளேரென்று போர்த்தும். இது இரண்டு வாரத்தில் கேழ்வரகை வறுத்துக் கருக்கினதுபோல ஆக்கிவிட்டது. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்த மதினி, "இது என்ன, கெட்டுப்போச்சா?" என்றார். கெட்டுப்போக வைப்பதற்கென்றே வளர்ப்பது என்று சொன்னேன். அவர் அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை.

விதை நான்கு வகை எடுத்தேன். மூன்று கடையில் வாங்கிய வீரிய ஒட்டு, ஒன்று பக்கத்து ஊர்ப் பெரியவர் வருடா வருடம் எடுத்து வைத்துப் போடும் பழைய ரகம். பெயர்களைச் சொல்லப் போவதில்லை. நாலு சட்டியில் பார்த்ததை வைத்து ஒரு விதையைக் குறை சொல்வதும் தவறு, மெச்சுவதும் தவறு. அ, ஆ, இ என்பவை ஒட்டுகள், ஈ என்பது பழைய ரகம்.

முதல் சுற்று புரட்டாசியில். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அதில் செய்யாத தப்பே இல்லை.

செம்மண்ணும் ஆற்றுமணலும் கலந்து, வைக்கோல் அவிக்கும் டிரம்மில் ஆவியில் வேகவைத்து, சட்டிக்கு 2 கிலோ. அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது 100 கிராம், பூஞ்சைச் சோளம். வகைக்கு மூன்று நோய்ச் சட்டி, ஒரு ஒப்பீட்டுச் சட்டி, மொத்தம் 16. சட்டிக்குப் பத்து விதை. ஒப்பீட்டுச் சட்டிக்கு என்ன போடுவது என்று யோசித்து, பூஞ்சை இல்லாத வெறும் வேகவைத்த சோளம் 100 கிராம் போட்டேன். நியாயமாகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். மொட்டை மாடியில் அடுக்கி, காலையும் மாலையும் பூவாளியால் தாராளமாகத் தண்ணீர் ஊற்றினேன்.

அணில் தோண்டித் தின்றது போக நோய்ச் சட்டிகளில் 104 முளைத்தன. மூன்று வாரத்தில் செத்தவை 9. ஒப்பீட்டுச் சட்டிகளில் 36 முளைத்ததில் செத்தவை 7. அதாவது சதவீதக் கணக்கில் பூஞ்சையே போடாத சட்டியில் கூடுதல் சாவு!

அன்றைக்கு ராத்திரி இதை எல்லாம் அள்ளிக் குப்பையில் கொட்டிவிடலாம் என்றுதான் இருந்தது. மறுநாள் நிதானமாகச் செத்த நாற்றுகளைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒப்பீட்டுச் சட்டியில் செத்தவை கழுத்தில் கொழகொழவென்று நீர்கோத்து மடிந்திருந்தன. வேரில் கறுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லை. அது நாற்றழுகல், வேறு கதை. மண்ணைக் கிளறினால் என் வெறும் சோளம் பச்சைப் பூசணம் பூத்துக் கிடந்தது, எறும்பு வரிசை கட்டியிருந்தது. காளான்காரனுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டாமா? வெந்த சோளம் திறந்த மண்ணில் கிடந்தால் காற்றில் வரும் எல்லாப் பூஞ்சைக்கும் அது பந்திதானே. பூஞ்சை ஏறிய சோளத்தில் இடம் ஏற்கனவே பிடிக்கப்பட்டுவிட்டது, வெறும் சோளத்தில் இல்லை. ஒப்பீடு என்று நான் வைத்தது ஒப்பீடே இல்லை.

இதற்குச் சரியான வழி, பூஞ்சை முழுதாக ஏறிய சோளத்தையே எடுத்துக் குக்கரில் மறுபடி வேகவைத்துக் கொன்று போடுவது. அதே தீனி, அதே தின்று முடித்த நிலை, உயிர் மட்டும் இல்லை.

இரண்டாவது தப்பு விதையில். கடை விதைகள் மூன்றும் சாயம் பூசியவை. பையில் எழுதியிருப்பதைப் படித்தேன்: இரண்டில் பூசணக்கொல்லி நேர்த்தி. பெரியவர் கொடுத்ததோ வெறும் விதை. ஒருவனுக்குக் கவசம் போட்டு, ஒருவனை வெறும் உடம்போடு இறக்கிவிட்டு யார் பலசாலி என்று கேட்டிருக்கிறேன். அடுத்த சுற்றிலிருந்து நான்கு வகையையும் ஊறவைத்து, வெளித்தோட்டை உரித்து, பருப்பை நன்றாகக் கழுவி முளைக்க வைத்தேன். உள்ளே ஊறிய மருந்து முழுக்கப் போயிருக்காது. ஆனாலும் தோட்டோடு போனதே பெரும்பகுதி. உரிப்பது பொறுமை கேட்கும் வேலை. பருப்பின் முனை நசுங்கினால் முளைக்காது.

மூன்றாவது தப்பு, எல்லாவற்றிலும் பெரியது, தண்ணீர். அதைப் புரிந்துகொள்ள எனக்கு இன்னும் ஒரு சுற்று தேவைப்பட்டது.

மார்கழியில் சட்டியை விட்டுவிட்டுத் தாள் முறைக்குப் போனேன். கொண்டைக்கடலையில் உலர் வேரழுகலுக்கு எதிர்ப்புள்ள வகைகளைப் பொறுக்க, ஹைதராபாத்துக்கு அருகே பட்டாஞ்சேருவில் இருக்கும் இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி மையம் 1981இல் வெளியிட்ட கையேட்டில் உள்ள முறை இது. அங்கேயும் எதிரி இதே பூஞ்சைதான். சுத்தமான மணலில் ஐந்தாறு நாள் வளர்ந்த நாற்றைப் பிடுங்கி, வேரைக் கழுவி, பூஞ்சைக் கரைசலில் முக்கி, ஈரமான ஒற்றுத்தாளில் பக்கம் பக்கமாக அடுக்கி மடித்து, தலை மட்டும் வெளியே நீட்டி, 35 டிகிரியில் எட்டு நாள் வைக்க வேண்டும். பிறகு வேரைப் பார்த்து 1 முதல் 9 வரை மதிப்பெண். 1 என்றால் வேர் சுத்தம். 5 என்றால் புண் தெளிவாகத் தெரிகிறது, ஆனால் புதிதாக விட்ட வேர்கள் தப்பியிருக்கின்றன. 9 என்றால் வேர் மொத்தமும் நிறம் மாறி அழுகிவிட்டது.

கடலை நாற்று சின்னது. சூரியகாந்தி அப்படியா? தண்டு நெடுநெடுவென்று ஓடும், பருப்பிலை இரண்டும் தடித்துக் கனக்கும், தாள் மடிப்பிலிருந்து தலைகுப்புறக் கவிழும். முதல் தட்டில் பாதி நாற்று இப்படியே மடங்கிப் போனது. அப்புறம் தாளுக்குப் பின்னால் பழைய எக்ஸ்ரே படச்சுருளை வெட்டி முட்டுக் கொடுத்து, கொஞ்சம் சாய்வாக நிறுத்தினேன். நாற்றும் ஐந்து நாளுக்கு மேல் வளரவிடாமல் எடுத்தேன்.

கரைசலுக்கு, அகர் இல்லாத உருளைச் சாற்றில் ஏழு நாள் வளர்ந்த பூஞ்சைப் பாயை எடுத்து, அலசி, தனி மிக்ஸி ஜாரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு இரண்டே சுற்று. கருமையான கூழ் மாதிரி வரும். ஒப்பீட்டு நாற்றுகளைப் பூஞ்சை போடாத வெறும் சாற்றை நீர்த்து அதில் முக்கினேன். 35 டிகிரிக்கு ஒரு தெர்மாகோல் பெட்டி, 40 வாட் குண்டு பல்பு, கோழி முட்டை பொறிக்கும் பெட்டிக்குப் போடும் தெர்மோஸ்டாட். வெளிச்சத்துக்குப் பகல் முழுக்க ஒரு எல்.இ.டி. பட்டை. தாள் காயக்கூடாது, அதற்காகத் தட்டில் நீர் தேங்கவும் கூடாது. விரலால் அழுத்தினால் ஈரம் மினுங்க வேண்டும், சொட்டக் கூடாது.

வகைக்கு 15 நாற்று பூஞ்சையில், 5 நாற்று வெறும் சாற்றில். மதிப்பெண் போடும்போது எது எந்த வகை என்று தெரிந்தால் கண் ஏமாற்றும். 'ஈ' மோசமாகத்தான் இருக்கும் என்று மனதில் முன்பே ஒரு தீர்ப்பு இருந்தது. அதனால் அண்ணன் மகளிடம் தாள்களைக் கொடுத்து, அவள் இஷ்டத்துக்கு எண் போட்டு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன். "சித்தப்பா, உங்களுக்கே தெரியாம உங்களுக்குப் பரீட்சை" என்று சிரித்தாள். முடியும்வரை நோட்டைக் காட்டவில்லை. கேட்டாலும் காட்டியிருக்க மாட்டாள்.

எட்டாம் நாள் தாளைப் பிரித்தபோது வந்த வாசனை நினைவிருக்கிறது. ஈரச் சாக்கு வாசனை, அழுகல் நாற்றம் இல்லை. முதல் தாளில் ஒப்பீட்டு நாற்றுகள், பால் வெள்ளை வேர், பக்கவேர் மீன்முள் மாதிரி வரிசையாக. அடுத்த தாளில் ஆணிவேர் நுனியிலிருந்து மேல்நோக்கிப் பழுப்பு ஏறியிருந்தது, டீயில் முக்கிய ரஸ்க் மாதிரி, நனைந்த இடமும் நனையாத இடமும் கோடு போட்டுப் பிரிந்து. மொபைலில் மாட்டும் சின்ன லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்தப் பழுப்புக்குள் ஊசிமுனைக் கறுப்புப் புள்ளிகள். வயலில் முழுச் செடி செத்த பிறகு பார்த்த அதே மிளகுத்தூள், இங்கே பதின்மூன்று நாள் நாற்றில்!

நடு மதிப்பெண் இப்படி வந்தது: அ 6, ஆ 4, இ 3, ஈ 8. ஒப்பீட்டில் எல்லாம் 1, ஒன்றிரண்டு 2. நாற்றுக்கு நாற்று வேறுபாடு இருந்தது. 'அ'வில் 3 வாங்கியதும் உண்டு, 9 வாங்கியதும் உண்டு. ஐந்து நாற்றோடு நிறுத்தியிருந்தால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போயிருக்கும்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் தாளில் மண் இல்லை, வறட்சி இல்லை. எங்கள் வயலில் செடி செத்ததோ பூ வந்து மணி பிடிக்கும் நேரத்தில், அதுவும் வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டுப் பகுதியில்தான் வட்டங்கள் அதிகம். அண்ணனிடம் கேட்டபோது அவன் யோசித்துவிட்டு, "ஆமா, பள்ளத்துப் பக்கம் ஒண்ணும் ஆகல" என்றான். அப்போதுதான் உறைத்தது. இந்தப் பூஞ்சைக்குச் சூடும் காய்ச்சலும், அதாவது மண்ணின் வறட்சியும்தான் பலம். மண் காய்ந்து, 30, 35 டிகிரி வெப்பத்தில் செடி தண்ணீருக்குத் திணறும்போதுதான் அது ஏறி அடிக்கிறது. இளம் வேரில் முன்பே புகுந்துவிட்டுச் சும்மா இருக்கும். நான் முதல் சுற்றில் பூவாளியை வைத்துக்கொண்டு, கள்ளனுக்குக் காவலும் நின்று, ஏன் திருடவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மூன்றாம் சுற்றை மாசிக் கடைசியில், வெயில் ஏறத் தொடங்கியதும் போட்டேன். இந்த முறை தண்ணீரைக் கண்ணால் பார்த்து ஊற்றக் கூடாது, தராசில் எடை போட்டுத்தான் ஊற்ற வேண்டும் என்று முடிவு. காய்ந்த மண் 1900 கிராம், சோளம் 100 கிராம், சட்டி 150 கிராம். ஒரு சட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு நாள் முழுக்க வடியவிட்டு நிறுத்தேன். அந்த மண் பிடித்து வைக்கும் தண்ணீர் 520 கிராம் வந்தது. அதில் 80 சதவீதம் என்றால் சுமார் 415, 40 சதவீதம் என்றால் சுமார் 210. ஆக ஈரச் சட்டி 2565 கிராம், காய்ச்சல் சட்டி 2360 கிராம். தினமும் இரண்டு வேளை மளிகைத் தராசில் ஒவ்வொன்றாக ஏற்றி, குறைந்த அளவுக்கு மட்டும் தண்ணீர். செடியின் எடையைக் கணக்கில் எடுக்கவில்லை. இந்த வயதில் அது சில கிராம்தான்.

வகைக்கு மூன்று நோய்ச் சட்டி காய்ச்சலில், மூன்று நோய்ச் சட்டி ஈரத்தில், கொன்ற சோளம் போட்ட இரண்டு ஒப்பீட்டுச் சட்டி காய்ச்சலில். மொத்தம் 32 சட்டி. முளைத்துப் பத்து நாள் வரை எல்லாவற்றுக்கும் ஒரே ஈரம். ஆரம்பத்திலேயே காயவிட்டால் முளைப்பே கெடும். பிறகு சட்டிக்கு ஆறு நாற்று விட்டு மீதியைக் களைந்து, பதினொன்றாம் நாளிலிருந்து தண்ணீரைப் பிரித்தேன். மேலே அணில் வலை.

முதல் ஒரு வாரம் ஒன்றும் இல்லை. காய்ச்சல் சட்டிகளில் மதியம் இலை தொங்கும், ராத்திரி நிமிரும். எட்டு, ஒன்பதாவது நாளிலிருந்து சில செடிகள் விடிந்தும் நிமிரவில்லை. தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்தும் தொங்கினால் அது தாகம் இல்லை, வேர் போய்விட்டது. இந்த ஒரு சோதனையை மட்டும் வயலிலும் செய்து பார்க்கலாம், செலவே இல்லை.

விதைத்து 35 நாள் ஆனபோது கணக்கெடுத்தேன். காய்ச்சல் சட்டிகளில் வகைக்கு 18 செடியில் செத்தவை: அ 9, ஆ 8, இ 3, ஈ 13. ஈரச் சட்டிகளில் அதே பூஞ்சை, அதே அளவு. செத்தவை அ 1, ஆ 1, இ 0, ஈ 3. ஒப்பீட்டுச் சட்டிகளில் வகைக்கு 12 செடியில் 'இ'யில் மட்டும் ஒன்று போயிருந்தது. அதைப் பிடுங்கினால் கழுத்தில் சுத்தமாக வெட்டியிருந்தது. மண்ணைக் கிளறினதும் சுருண்டு கிடந்த புழு கிடைத்தது. கணக்கிலிருந்து அதை எடுத்துவிட்டேன்.

ஆக, நல்ல ஈரத்தில் நான்கு வகையும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரிந்தன. முதல் சுற்றோடு நிறுத்தியிருந்தால் "நாலும் தாங்குகிறது" என்று எழுதியிருப்பேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். தாளில் 4 வாங்கி நல்ல பிள்ளையாக இருந்த 'ஆ', சட்டியில் 'அ'வுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. ஏன் என்று யோசித்தேன். தாளில் 'ஆ'வின் வேர் நீளம் மற்றவற்றைவிடக் குறைவு, ஆனால் புண் குறைவு. மண்ணில் குட்டை வேர் என்றால் காய்ச்சலில் முதலில் திணறுவது அதுதான். புண்ணைத் தாங்கும் குணம் ஒன்று, தாகத்தைத் தாங்கும் குணம் இன்னொன்று, இரண்டும் சேர்ந்துதான் வயலில் வேலை செய்கிறது என்று எனக்குப் படுகிறது. இது என் ஊகம்தான். வேர் நீளத்தை நான் முறையாக அளந்து எழுதி வைக்கவில்லை, அதுவும் ஒரு தப்பு. தாள் முறை மட்டமான வகையைச் சீக்கிரம் களைய உதவும். 'ஈ' இரண்டிலும் கடைசியில்தான் நின்றது. நல்லதைத் தேர்ந்தெடுக்க அது ஒன்றே போதாது.

செத்த செடிகளிலிருந்து பத்துத் துண்டு எடுத்து மறுபடி தட்டில் வைத்தேன். நாம் போட்ட பூஞ்சைதான் கொன்றதா என்று உறுதி செய்யாமல் விட்டால் இவ்வளவும் வெறும் கதை. எட்டில் அதே தார்க் கறுப்பு. ஒன்றில் ஒன்றும் வளரவில்லை, ஒன்றில் பச்சைப் பூசணம். ஒப்பீட்டுச் செடிகளின் வேரிலிருந்து வைத்த ஆறு துண்டில் கறுப்பு எதுவும் வரவில்லை.

இடையில் ஒரு ஆசையில், நோய்ப் பூஞ்சையை அடக்கப் போடும் டிரைக்கோடெர்மா விரிடி என்ற பூஞ்சையும் போட்டுப் பார்த்தேன். கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கில் விதைநேர்த்தி செய்த 'ஈ', இரண்டு சட்டி மட்டும். 12 செடியில் 5 செத்தன. நேர்த்தி செய்யாததைவிடக் குறைவு என்றாலும் இரண்டு சட்டியை வைத்துச் சொல்வதற்கில்லை. காளான் குடில் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: டிரைக்கோடெர்மா என்றால் நமக்கு என்ன என்று தெரியும், காளானையே கெடுக்கும் பச்சைப் பூசணம். அந்தப் பொட்டலத்தைத் திறந்த கையோடு காளான் விதை அறைக்குள் போகாதீர்கள்.

'இ'யை அப்படியே நம்பிவிட மனம் வரவில்லை. காய்ச்சல் சட்டியில் பிழைத்த 15 செடியில் ஆறை வேரோடு மண் கலையாமல் பெரிய சாக்குப் பைகளுக்கு மாற்றி, நன்றாகத் தண்ணீர் விட்டு வளர்த்தேன். ஆறும் தளதளவென்று வந்தன. மொட்டு விட்டதும் மறுபடி தண்ணீரைக் குறைத்தேன். சித்திரை வெயில். பூ விரிந்து பத்துப் பன்னிரண்டு நாளில் இரண்டு செடி, வயலில் பார்த்த அதே மாதிரி, இலை பச்சையாக இருக்கும்போதே தலை தொங்கி, ஒரு வாரத்தில் காய்ந்தன. தண்டைப் பிளந்தேன். தட்டுத் தட்டாகப் பிரிந்த சோறு, மிளகுத்தூள். நாற்றில் தப்பித்த செடிக்குள்ளும் அது இருந்திருக்கிறது. மீதி நாலும் மணி பிடித்தன, தலைகள் உள்ளங்கை அகலம்தான்.

அதனால் 'இ' நோய் தாங்கும் வகை என்று நான் சொல்ல மாட்டேன். நான்கில் மெதுவாகச் சாவது அதுதான், அவ்வளவே. அண்ணனுக்கு அது போதுமாக இருந்தது. ஆனியில் மேட்டுப் பகுதியில் 'இ' போட்டிருக்கிறான், பள்ளத்தில் 'அ'. பூக்கும் நேரத்தில் மேட்டுக்கு இரண்டு தண்ணீர் கூடுதலாக விட ஒரு ஹோஸ் பைப் வாங்கியிருக்கிறான். போன வருடம் நெல் நின்ற துண்டில்தான் முக்கால்வாசி விதைப்பு. தண்ணீர் தேங்கி நின்ற மண்ணில் இந்த உறக்கவித்து அவ்வளவாகப் பிழைப்பதில்லை. பெரியவருக்கு அவருடைய விதையைப் பற்றிச் சொன்னேன். "நான் எப்பவும் கிணத்தடியிலதான போடுதேன்" என்றார். அவர் வயலில் ஏன் செடி சாவதில்லை என்பதற்கு அதுவே பதில்.

கடைசி வேலை, யாரும் எழுதாத வேலை, சட்டி மண்ணை ஒழிப்பது. மூன்றாவது சுற்றின் மண், சாக்குப் பை மண், செத்த செடி, தாள் எல்லாம் சேர்த்து எழுபது கிலோவுக்கு மேல். இந்த வித்துகள் மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். வயல் ஓரத்தில் கொட்டினால் நானே வேலை மெனக்கெட்டு விதைத்த மாதிரி. வைக்கோல் அவிக்கும் டிரம்மில் ஈரப்படுத்தி, கொதி ஏறின பிறகு இரண்டு மணி நேரம் ஆவியில் வேகவைத்தேன், மூன்று தவணையாக. செடியையும் தாளையும் எரித்தேன். கரிச்சோளம் மீந்த இரண்டு பையைக் குக்கரில் ஏற்றினேன். வெந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்துத் தட்டில் ஊற்றி வைத்திருக்கிறேன், நாலு நாள் ஆகிறது, கறுப்பு எதுவும் எழும்பவில்லை. இன்னும் மூன்று நாள் பார்த்துவிட்டுத்தான் மண்ணை வாழையடியில் கொட்டுவேன். டிரம்மை இனிமேல் வைக்கோலுக்குத் தொடப் போவதில்லை. புது டிரம் 1 வாங்க வேண்டும்.